ஒருசந்தி நாளில் போட்ட மாத்திரை

எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் சர்க்கரை. எனக்கு வந்து பதினோரு வருடம், என் மனைவி சகாயமேரிக்கு வந்து ஏழு வருடம். "நீங்க முன்னாடியே ஏறித் துண்டு போட்டு வச்சீங்க, நான் வந்து உக்காந்துட்டேன்" என்று அதையும் ஒரு பஸ் பயணம்போலச் சொல்லிச் சிரிப்பாள். என் காலைப் பற்றி எழுதுவதாக நினைத்துத்தான் இதைத் தொடங்கினேன். நான்கு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்ட பிறகுதான், அந்த ஆஸ்பத்திரி நாட்களில் நோயாளி யார் என்பதிலேயே நான் தப்பு செய்துவிட்டேன் என்று மறுபடியும் உறைத்தது.

என் பெயர் சூசை. வரதராஜன்பேட்டைக்குப் பக்கத்தில் ஊர். ஒரு ஏக்கர் முந்திரி உண்டு. ஆனால் சோறு போடுவது அரியலூர் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கம். அங்கே எடைமேடையில் வேலை. கல் ஏற்றிய லாரி மேடைமேல் வந்து நிற்கும், நான் எண்ணைப் பார்த்துச் சீட்டு கொடுப்பேன். எடையைக் கூட்டிக் காட்ட டிரைவர்கள் செய்யாத வித்தை இல்லை. தண்ணீர் கேன்களை நிரப்பிக்கொண்டு வருவார்கள், ஸ்டெப்னி டயரை இரண்டாக வைப்பார்கள். நான் விடமாட்டேன். சூசை அண்ணனிடம் ஒரு கிலோ நடக்காது என்று பெயர் வாங்கியவன்.

அப்படிப்பட்டவன் என் ரத்தத்தில் மட்டும் பத்து வருடம் தில்லுமுல்லு செய்தேன். மாதா மாதம் சுகாதார நிலையத்தில் மாத்திரை தருவார்கள். வாங்கிவந்து டப்பாவில் போட்டுவைப்பேன். பரிசோதனைக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது என்றால் எடுத்து விழுங்க ஆரம்பிப்பேன். அந்த நான்கு நாள் இனிப்பில்லை, சோற்றில் பாதி. ரத்தம் எடுக்கும் நர்ஸ் "பரவாயில்லையே சார், கன்ட்ரோல்ல இருக்கு" என்பார். வெளியே வந்ததும் ஒரு டீ, இரண்டு சர்க்கரை. சகாயம் அப்படி இல்லை. சாப்பிட்டுக் கைகழுவியதும் மாத்திரைதான். நான் ஏமாற்றுவது அவளுக்குத் தெரியும். சொன்னால் நான் கத்துவேன் என்பதும் தெரியும். அதனால் மாத்திரையையும் தண்ணீரையும் என் பக்கத்தில் வைத்துவிட்டுப் பேசாமல் போய்விடுவாள்.

போன வருடம் மாசி மாதம் ஒரு நாள், வேலை முடிந்து ஷூவைக் கழற்றினால் வலது சாக்ஸ் ரத்தமாக இருந்தது. ஷூவுக்குள் ஒரு கல். பட்டாணி அளவுதான். காலையில் உள்ளே போனது, எட்டு மணி நேரம் அதன்மேல் நடந்திருக்கிறேன், ஒன்றும் தெரியவில்லை. "பாத்தியா, வலிக்கவே இல்ல" என்று சகாயத்திடம் பெருமையாகச் சொன்னேன். அவள் முகம் செத்துவிட்டது. வலிக்காததுதான் நோய் என்று அவளுக்குப் புரிந்தது. எனக்குப் புரிய இன்னும் பன்னிரண்டு நாள் ஆனது. அதற்குள் பெருவிரல் கறுத்து, வாடை வர ஆரம்பித்தது.

அரியலூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். பிளாஸ்டிக் நாற்காலியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். உள்ளே ஒரு நர்ஸ் என்னைக் கண்ணை மூடச் சொன்னார். நைலான் நரம்பு ஒன்றால் பாதத்தைத் தொடுவாராம், தொட்டால் சொல்ல வேண்டுமாம். நான் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "எப்பம்மா ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டேன். "முடிச்சிட்டேன் சார்" என்றார்.

இன்னொரு ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். அன்றைய சர்க்கரையை மட்டும் காட்டாமல், மூன்று மாதச் சராசரியைச் சொல்லிவிடும் பரிசோதனை அது. என் நான்கு நாள் வித்தை அதனிடம் செல்லவில்லை. ஏழுக்குள் இருக்க வேண்டியது பதினொன்றைத் தாண்டியிருந்தது. டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் டிரைவர்களைப் பார்க்கும் அதே பார்வை. "மாத்திரை போடுறீங்களா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், "போடுறாருங்க டாக்டர், நான்தான் சில நேரம் எடுத்துக் குடுக்க மறந்துடுவேன்" என்றாள் சகாயம்.

உள்நோயாளியாகச் சேர்த்தார்கள். புண் ஆறும்வரை எனக்கு மாத்திரை இல்லை, இன்சுலின் ஊசி. "ஒரு வாரம் பாப்போம். கறுப்பு மேல ஏறாம நின்னா விரலக் காப்பாத்திடலாம். ஏறுச்சுன்னா எடுத்துத்தான் ஆகணும்" என்றார் டாக்டர். சகாயம் வார்டு ஜன்னலோரம் போய், கழுத்துச் செபமாலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரும்பி வந்தபோது முகம் தெளிவாக இருந்தது. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் நடந்துகொண்டிருந்தது. ஏலாக்குறிச்சி மாதாவுக்கு நேர்ந்துகொண்டிருக்கிறாள் என்று கேட்காமலே தெரிந்தது.

எங்கள் ஆட்களிடம் ஒருசந்தி என்றால் நாளுக்கு ஒரே வேளை சாப்பாடு, அதுவும் மதியம்தான். பெரிய வெள்ளிக்கும் விபூதிப் புதனுக்கும் எல்லோரும் இருப்பார்கள். நோயாளிகளுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு, சாமியார் பூசையிலேயே சொல்லுவார். சகாயம் என் விரல் தப்பும்வரை தினமும் ஒருசந்தி என்றும், வெள்ளிக்கிழமை இருட்டும்வரை பச்சைத் தண்ணீர் மட்டும் என்றும் நேர்ந்திருக்கிறாள். தினசரி ஒருசந்தி எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை விஷயம் தெரியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள், நான் கேட்கவில்லை.

ஒருமுறை மட்டும், "உனக்கும் சுகர் இருக்கில்ல, நோயாளிக்கு ஒருசந்தி கிடையாதுல்ல" என்று சொன்னேன்.

"நோயாளி நீங்கதான். நான் பாத்துக்க வந்தவ" என்றாள்.

அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. உண்மையைச் சொன்னால், எனக்காக ஒருத்தி பட்டினி கிடப்பது எனக்கு உள்ளுக்குள் பிடித்தும் இருந்தது.

அவள் செய்ததெல்லாம் எழுதினால் தீராது. பழைய புடவையைச் சின்னச் சின்னதாகக் கிழித்துக் கொண்டுவந்து, என் கால்விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாக ஈரம் போகத் துடைப்பாள். ஊசி போட நர்ஸ் வந்தால் நான் பார்க்காதபடி முன்னால் வந்து நின்று எதையாவது பேசுவாள். ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத்தான் சாப்பாடு. எனக்கு ஊட்டாத குறையாகக் கொடுத்துவிட்டுத் தட்டைக் கழுவி வருவாள். இரவில் கட்டிலுக்குக் கீழே பாயை விரித்துப் படுத்து, என் கட்டில் கம்பியில் ஒரு கையை வைத்தபடியே தூங்குவாள். நான் அசைந்தால் தெரியவேண்டுமாம்.

நானோ புதிதாக ஞானம் பெற்றவன். டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது, "வீட்டுக்குப் போனப்புறம் மாத்திரைய ஒரு வேளைகூட விடக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். எனக்கோ இப்போது மாத்திரை கிடையாது. ஆகவே என் கண்டிப்பு முழுவதும் சகாயத்தின் மேல் திரும்பியது. பத்து வருடம் ஏமாற்றியவன் பத்து நாளில் போலீஸ்காரன் ஆகிவிட்டேன். தினமும் காலை எட்டு மணிக்கு, "போட்டியா?" என்பேன். "அப்புறம் போடுறேங்க" என்றால் விடமாட்டேன். "எம் முன்னாடி போடு. நான் ஏமாத்துனதுக்குத்தான் இங்க கெடக்குறேன், நீயும் கெடக்கணுமா?" என்பேன். அவள் தண்ணீர் ஊற்றி விழுங்குவாள். நான் பார்ப்பேன்.

அவள் விழுங்கியது இரண்டு மாத்திரை. பெரியது, உடம்பில் இருக்கும் இன்சுலினை ஒழுங்காக வேலை செய்ய வைப்பது. அதனால் பெரிய ஆபத்தில்லை. சின்னது, வயிற்றுக்குள் இருக்கும் கணையத்தை விரட்டி இன்சுலின் சுரக்க வைப்பது. சாப்பிட்டவனுக்கு அது நல்ல மாத்திரை. சாப்பிடாவிட்டாலும் அது வேலையை நிறுத்தாது. வருகிற சர்க்கரை இல்லையென்றால் இருக்கிற சர்க்கரையையும் இறக்கிக்கொண்டே போகும். இதெல்லாம் பிறகு டாக்டர் சொல்லித் தெரிந்துகொண்டது. சகாயம் வீட்டில் இருந்தவரை சாப்பிட்டுக் கைகழுவியபின்தான் மாத்திரையைத் தொட்டாள். 'அப்புறம் போடுறேன்' என்று அவள் சொன்னதற்கு, சாப்பிட்ட பிறகு என்று அர்த்தம். அந்த வழக்கத்தை மாற்றியவன் நான்.

சேர்ந்து ஒன்பதாம் நாள், வெள்ளிக்கிழமை. காலையில் கட்டு மாற்றும்போது டாக்டர், "கறுப்பு நின்ன இடத்துலயே நிக்குது" என்றார். சகாயம் சிலுவை போட்டுக்கொண்டாள். எட்டு மணிக்கு நான் கேட்டேன், அவள் போட்டாள்.

பதினோரு மணி இருக்கும். வார்டில் மின்விசிறி அனல் காற்றை இறைத்துக்கொண்டிருந்தது. தண்ணீர் கேட்டேன். அவள் துண்டை எடுத்துக் கொடுத்தாள். "தண்ணி கேட்டேன் சகாயம்" என்றேன். மறுபடியும் துண்டையே நீட்டினாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "காதுல என்ன வச்சிருக்க?" என்று கத்திவிட்டேன்.

அவள் துண்டை என் மேல் விட்டெறிந்தாள். "சும்மா சும்மா ஏவிக்கிட்டே இருக்கீங்க. ஒங்க காலுக்கு நானா மாடு? போதும்ப்பா, போதும்" என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி சத்தம் போட்டாள். முப்பது வருடத்தில் அவள் என்னிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல்முறை. பத்துக் கட்டில் ஆட்களும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பாயை இழுத்துப் போட்டுச் சுருண்டு படுத்துவிட்டாள்.

எனக்கு மானம் போய்விட்டது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். தானாக எழுந்துவந்து பேசட்டும், அதுவரை நானும் பேசுவதில்லை என்று வீம்பு.

பக்கத்துக் கட்டிலில் விக்கிரமங்கலத்துக்காரர் ஒருவர். அவருடைய மனைவி கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிட்டார். "அண்ண, அக்காவுக்கு வேர்த்து ஊத்துது பாருங்க. ஜாக்கெட்டெல்லாம் நனைஞ்சு போச்சி. எழுப்பட்டுமா?"

"வேணாம்மா. கோவத்துல படுத்திருக்கா. தூங்கட்டும்" என்றேன்.

நான் சொன்ன வார்த்தை அதுதான். எந்தப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னாலும் அது என்னைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது.

இரண்டு மணிக்கு என் சர்க்கரையைப் பார்க்க நர்ஸ் வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் வர வழியில்லாமல், "அம்மா, கொஞ்சம் தள்ளிக்குங்க" என்றார். மறுபடி சொன்னார். குனிந்து தோளைத் தட்டினார். சகாயத்தின் கை தரையில் துவண்டு விழுந்தது. வாயோரம் நுரை.

"இவங்களுக்கு சுகர் இருக்கா?" என்று நர்ஸ் கத்தினார்.

"இருக்கு."

"மாத்திரை போட்டாங்களா? சாப்பிட்டாங்களா?"

முதல் கேள்விக்கு மட்டும் எனக்குப் பதில் தெரிந்தது. என் விரலில் குத்தக் கொண்டுவந்த ஊசியை எடுத்து வைத்துவிட்டு, வேறு ஊசி மாற்றி அவள் விரலில் குத்தினார். கருவியில் இருபத்தெட்டு என்று காட்டியது. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. ஓடிவந்தார்கள், தூக்கினார்கள், நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். பெரும்பாலும் சில நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்து இங்கே எப்படி வந்தேன் என்று கேட்பார்களாம். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். நானும் ஒற்றைக் காலில் கட்டில் கம்பியைப் பிடித்து நின்றேன். சகாயம் எழுந்திருக்கவில்லை.

சாயந்திரம் பெரம்பலூருக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மூளைக்கு ஸ்கேன் எடுக்கவும், தீவிர சிகிச்சையில் வைக்கவும் வசதி இருந்தது. அவளை விட்டு நான் இருக்கமாட்டேன் என்று அடம்பிடித்ததில், என்னையும் அதே ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். திருச்சியிலிருந்து மகள் ஜெசிந்தா வந்து சேர்ந்தாள். அம்மா இரண்டாம் மாடி, அப்பா தரைத்தளம். லிஃப்டில் ஏறி இறங்கியே அவளுக்குக் கால் வீங்கிவிட்டது. அவள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அங்கிருந்த டாக்டர் பொறுமையானவர். என் கட்டிலிலேயே வந்து உட்கார்ந்து சொன்னார். "ஐயா, மூளைக்கு சர்க்கரைதான் சாப்பாடு. சேத்து வச்சிக்கத் தெரியாது. ரத்தத்துல குறைஞ்சா முதல்ல கோவம் வரும், சம்பந்தமில்லாமப் பேசுவாங்க, வேர்க்கும். அப்புறம் மயக்கம். அம்மாவுக்குக் கிட்னியும் கொஞ்சம் பலவீனமா இருந்திருக்கு. அதனால மாத்திரை உடம்புல அதிக நேரம் தங்கிடுச்சி."

"முதல்ல கோவம் வருமா?" என்றேன்.

"ஆமாங்க. கூட இருக்கிறவங்க சண்டை போடுறாங்கன்னு நினைச்சிக்குவாங்க."

அன்று நான் அழுத அழுகைக்குப் பக்கத்து அறைக்காரர்கள் விளக்குப் போட்டுவிட்டு வந்து பார்த்தார்கள்.

நான்காம் நாள் அவள் கண் விழித்தாள். அதே நாளில் என் விரலில் கறுப்பு மேலே ஏறியது. அலைச்சலோ, நின்றதோ, எதனால் என்று தெரியாது. மறுநாள் வலது கால் பெருவிரலை எடுத்துவிட்டார்கள். இரண்டாம் மாடியில் இருந்தவளுக்கு யாரும் சொல்லவில்லை.

பதினெட்டு நாள் கழித்து இரண்டு பேரும் வீட்டுக்கு வந்தோம். ஜெசிந்தா தன் வளையல்களை அடகு வைத்தது அப்புறம்தான் தெரிந்தது. சகாயம் நடந்தாள், சிரித்தாள், ஆடு மாடு பெயரெல்லாம் சொன்னாள். டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்: "பழசெல்லாம் இருக்கும். புதுசு தங்காது." அதன் அர்த்தம் முதல் காலையில்தான் புரிந்தது. இட்லியை வைத்தேன். அவள் தட்டைத் தள்ளினாள். "நான் ஒருசந்தியில்லங்களா? விரலு எப்படியிருக்கு?" என்றாள்.

எடைமேடைக்காரனுக்குப் பொய் வரவில்லை. கட்டைப் பிரித்துக் காட்டினேன். பார்த்ததும் மார்பில் அடித்துக்கொண்டாள். "நான் எங்கயோ தப்பு பண்ணிட்டேன். வெள்ளிக்கிழமை சரியா இருந்திருக்க மாட்டேன்" என்று அன்று முழுவதும் அழுதாள், சாயந்திரம்வரை சாப்பிடவில்லை. மறுநாள் காலை எல்லாம் மறந்து, "விரலு எப்படியிருக்கு?" என்றாள். மறுபடி காட்டினேன். மறுபடி முதல்முறையாக அழுதாள். நடுவில் ஒருநாள் நடந்ததையெல்லாம் சொல்லி, காலைப் பிடித்து மன்னிப்பும் கேட்டேன். "போங்க, எனக்குத்தான் ஒண்ணும் ஆவலியே" என்று தலையைத் தடவி மன்னித்தாள். அடுத்த நாள் அவளுக்கு அது தெரியாது. அந்த மன்னிப்பை நான் மட்டும் வைத்திருக்கிறேன்.

இப்படி ஒன்பது காலை போயிற்று. அவள் கன்னம் ஒட்டிவிட்டது. அந்தச் சின்ன மாத்திரையை டாக்டர் அடியோடு நிறுத்திவிட்டார். பெரியது மட்டும்தான், அதையும் வயிறு நிறையச் சாப்பிட்டபின்தான் கொடுக்க வேண்டும். அவளோ சாப்பிடமாட்டாள். ஈஸ்டர் முடிந்து, முந்திரியும் பழுத்து விழ ஆரம்பித்துவிட்டது. அவளுக்கு மட்டும் தவக்காலம் முடியவில்லை.

பத்தாம் நாள் காலை, அவள் எழுவதற்கு முன்பே வலது காலில் சாக்ஸைப் போட்டுக்கொண்டேன். தட்டில் இட்லி வைத்து அவள் எதிரே நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"நான் ஒருசந்திங்க. விரலு எப்படியிருக்கு?"

இடது காலைத் தூக்கி அவள் மடிக்குப் பக்கத்தில் முக்காலியில் வைத்தேன். "பாரு, ஆறிடுச்சி. தழும்புகூட இல்ல."

அவள் குனிந்து பார்த்தாள். பெருவிரலைத் தொட்டு, முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தாள். பிறகு சிலுவை போட்டுக்கொண்டாள். அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை.

"மாதா கைவிடல பாத்தீங்களா" என்றாள்.

"கைவிடல" என்றேன். "இப்ப சாப்பிடலாம்ல?"

"சாப்பிடலாம். பசிக்குதுங்க எனக்கு" என்று தட்டை இழுத்துக்கொண்டாள்.

இன்று காலையும் அப்படித்தான். மூன்று இட்லி சாப்பிட்டாள். அவள் கைகழுவி, மாத்திரையை விழுங்கி முடிக்கும்வரை நான் இடது காலைக் கீழே இறக்குவதில்லை.